நெமோவின் கட்டிலும் அமுக்குவான் பேயும்

சென்ற மாதம் ஏற்காட்டில் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய அனிமேஷன் படம் போட்டோம். ‘லிட்டில் நெமோ: அட்வென்சர்ஸ் இன் ஸ்லம்பர்லேண்ட்’. ஜப்பானில் 1989-இல் வந்தது. 1992-இல் அமெரிக்கா போய் அங்கே வசூலில் படுத்துவிட்டது. வின்சர் மெக்கே 1905-இல் நியூயார்க் ஹெரால்டு நாளிதழில் வரையத் தொடங்கிய சித்திரக்கதைதான் இதற்கு மூலம். ஜப்பானின் பெரிய அனிமேஷன் இயக்குநர்களான மியாசாகியும் தகாஹாட்டாவும் ஆரம்பத்தில் இதில் வேலை பார்த்துவிட்டு விலகினார்கள். அவர்களுடைய மற்ற படங்களை உலகமே கொண்டாடுகிறது, இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எனக்கு இது தீராத மனக்குறை. தூங்கும் பையனோடு கட்டில் எழும்பி வானத்தில் மிதக்க, அப்புறம் ஒரு ரயில் எஞ்சின் துரத்தி வரும் அந்தத் தொடக்கக் காட்சி ஒன்றுக்காகவே படத்தைத் தேடிப் பார்க்கலாம். அந்தக் காலத்து சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டித்தானே தினமும் மலை ஏறுகிறோம். சேலத்துக்காரர்களுக்குப் படம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படம் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “கனவுல அவன் அவ்வளவு ஓடுறான், பறக்குறான். உடம்பு மட்டும் ஏன் சார் கட்டில்லயே கிடக்குது?”

இதைவிட நல்ல கேள்வி எனக்கு ரொம்ப நாளாக வரவில்லை.

உறக்கத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. லேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கடைசியில் ரெம் உறக்கம். இந்த மூன்றாவதில் மூடிய இமைக்குள் கண் படபடவென்று ஓடும், மூளை விழித்திருப்பது போலவே சுறுசுறுப்பாக இருக்கும். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இங்கேதான். விடிய விடிய ரெம் நேரம் நீளும். அந்த நேரத்தில் கண் விழித்தால் கனவும் மறக்காது. விடியற்காலைக் கனவுக்கு நம் ஊரில் அத்தனை மதிப்பு வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதை 1953-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும். ஓரமாகப் போட்டிருந்த ஒரு பழைய மூளை அலைக் கருவியை அசெரின்ஸ்கி சரிசெய்து, எட்டு வயது மகனைப் படுக்கவைத்துப் பதிவு எடுத்தார். தூங்கும் பிள்ளையின் கண்ணை அளந்து என்ன பயன் என்று அன்று தடுத்திருந்தால் இத்துறையே பிறந்திருக்காது. நம் ஆய்வு மாணவர்கள் உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உடம்பு ஏன் அசைவதில்லை? தூங்கும்போது மூளையிலிருந்து உடம்புக்கு வரும் கரண்ட் நின்றுவிடுகிறது, அதனால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கனவில் ஓடும்போது பெருமூளையிலிருந்து ‘ஓடு’ என்ற ஆணை நிஜமாகவே கீழே வருகிறது. ஏற்காடு மலைப்பாதையில் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார், அதே நேரம் இன்னொரு கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உறுமும், பஸ் நகராது.

அந்த பிரேக்கை மிதிக்கும் கால், மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் உள்ள சிறு நரம்புச் செல் கூட்டம். ரெம் தொடங்கியதும் அது முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் செய்தி அனுப்புகிறது. அங்குள்ள செல்கள், தசைகளை இயக்கும் நரம்புச் செல்களின் மேல் கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. உடனே அந்தச் செல்களில் குளோரைடு வாசல்கள் திறக்கின்றன. எதிர்மின் சுமை கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே புக, செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின்னாகிறது. செல் துடிக்க வேண்டுமானால் மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தொட வேண்டும். இப்போது அந்த எல்லை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஆணை வந்து கதவைத் தட்டுகிறது, செல் எழுந்திருப்பதில்லை. எப்போதாவது ஒரு ஆணை பிரேக்கையும் மீறிக் கசிந்துவிடும். அப்போது ஒரு விரல் மட்டும் துடிக்கும். 2012-இல் எலிகளில் செய்த சோதனையில், இந்த வேதிப்பொருள்களை வாங்கிக்கொள்ளும் இரண்டு வகை ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள், பிரேக் விடவில்லை. இரண்டையும் சேர்த்துத் தடுத்த பிறகே தசை உயிர்பெற்றது. இயற்கை இதற்கு இரட்டைப் பூட்டு போட்டிருப்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

பிரான்சில் மிஷேல் ஜுவே, பூனைகளின் பான்ஸில் அந்தச் சிறு இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் ரெம் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன.

பிரேக் படாத தசைகளும் உண்டு. மூச்சுக்கு உதரவிதானம் வேண்டும், அதற்கு விலக்கு. கண் தசைகளுக்கும் விலக்கு. 1975-இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் இதை வைத்தே ஒரு காரியம் செய்தார். ‘இது கனவு’ என்று கனவுக்குள்ளேயே உணரக்கூடிய ஒருவரிடம், உணர்ந்ததும் கண்ணை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட தடவை அசைக்கச் சொல்லியிருந்தார். கருவி அதை அப்படியே பதிவு செய்தது. கனவுக்குள்ளிருந்து வெளியே வந்த தந்தி அது!

அப்புறம் அமுக்குவான் பேய். சேலத்தில் என் பாட்டி தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு வைப்பார். சில நேரம் மூளை விழித்துக்கொள்ளும், பிரேக் மட்டும் விடுபடத் தாமதமாகும். கண் திறந்திருக்கும், கை எழாது, மிச்சமிருக்கும் கனவு அறைக்குள்ளேயே உருவமாக நிற்கும். விலா எலும்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. யாரோ நெஞ்சில் உட்கார்ந்தது போல இருக்கும். பாட்டி பட்ட பயம் நிஜம், பேய்தான் பொய். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். பயந்துபோன பிள்ளைக்குத் தாயத்து கட்டக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தூக்கத்துக்குக் காசு வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கோளாறைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. ஐம்பது வயது தாண்டிய ஒருவர் கனவில் சண்டை போட்டு நிஜமாகவே கையை வீசுகிறார், கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் பிரேக் தேய்கிறது என்று பொருள். இவர்களில் பலருக்குப் பின்னாளில் நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வருகிறது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தப் பெண்ணிடம், விடியற்காலையில் எழுந்து தம்பி தூங்குவதைக் கவனித்துப் பார் என்றேன். மறு வாரம் ஓடி வந்தாள். “இமைக்குள்ள கண்ணு ஓடுச்சு சார். கை கால் அசையவே இல்ல. சுண்டு விரல் மட்டும் ரெண்டு தடவ துடிச்சுது.”