ஆயுத பூஜைக்குத் தேய்க்கும் முன்: பழைய இலக்கு ரைபிளின் வயதைப் படிப்பது

தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும் மலையடிவாரத்திலும் சில வீடுகளில் தாத்தா காலத்து .22 (குழல் துளை 0.22 அங்குலம்) ரைபிள் இன்னும் லைசென்ஸோடு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா, கனத்த குழல், கண்ணுக்கருகே துளை வைத்த சைட்டு. வேட்டைக்குச் செய்ததல்ல, இலக்குச் சுடுதலுக்குச் செய்தது. அதன் பூர்வீகத்தைச் சொல்வது இரும்பில் அடித்த முத்திரைகள்தான். அவற்றைத்தான் வருடாவருடம் ஆயுத பூஜைக்கு எமரித் தாள் போட்டுத் தேய்க்கிறார்கள்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். நாலைந்து பூஜை போதும், எழுத்தின் விளிம்பு மழுங்கி 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். ஈரச் சந்தனத்தை இரும்பில் அப்பி இரவு முழுக்க விட்டால் எழுத்துக் குழிக்குள்ளேயே துரு பிடிக்கும். பொட்டு வைக்க வேண்டுமென்றால் மரக்கட்டையில் வையுங்கள். திருச்செந்தூர், உவரிப் பக்கத்து உப்புக் காற்றில் தோல் உறைக்குள் மூடி வைப்பதும் கெடுதல், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். மெல்லிய மெஷின் ஆயில் ஒரு துணித் தடவல் போதும்.

சட்டமும் இங்கே கடுமையானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அழிந்த நிலையில் ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்ததாக அனுமானம். பூஜைக்குத் தேய்த்தேன் என்பதை நிரூபிப்பது உங்கள் பாடு.

படிக்கும் வேலையை லைசென்ஸ்தாரர் கையிலேயே வைத்துச் செய்யுங்கள். முதலில் லீவரை இறக்கி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பிறகு பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச், கொஞ்சம் சாக்பீஸ் தூள். தூளைத் தடவித் துடைத்தால் குழியில் தங்கியது வெள்ளையாகத் தெரியும். திருகாணிகளைத் தொடாதீர்கள். கடைத்தெரு ஸ்க்ரூடிரைவர் முனை சரிவாக இருப்பதால் வழுக்கி, திருகாணித் தலையோடு பக்கத்து முத்திரையையும் கீறிவிடும்.

எல்லோரும் முதலில் பெயரைப் படிக்கிறார்கள். நாங்கள் சோதனை முத்திரையிலிருந்து, அதாவது குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்த பிறகு சோதனைச் சாலை அடிக்கும் குறியிலிருந்து, தொடங்கச் சொல்வோம். குழலில் இருக்கும் பெயர் பல நேரம் விற்றவருடையது. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா மேன்டன், ரோடா ஆகிய பெயர்களைப் பார்த்து அவர்கள்தான் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் நிறுவப்பட்டது. கிரீடத்தின் கீழ் பிவி, பிபி, என்பி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1904க்கும் 1954க்கும் இடைப்பட்ட சோதனை. கிரீடத்தோடு பிஎன்பி என்று மூன்றெழுத்தும் சேர்ந்து வந்தால் அதற்குப் பிந்தையது. ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்ற சொற்கள் இருந்தால், அயல்நாட்டில் செய்து 1925 விதிகளுக்குப் பிறகு பிரிட்டனில் சோதித்தது.

மூன்று ரைபிள்களை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய குறி பிஎஸ்ஏ நிறுவனத்துடையது. 1861இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மார்ட்டினி வகை (லீவரை இறக்கித் தோட்டா போடுவது) .22 ரைபிள்களில் வழக்கமான குழல் நீளம் 29 அங்குலம். மூடிய பிரீச்சிலிருந்து (குழலின் பின்முனை அடைப்பு) குழல் வாய் வரை குச்சி விட்டு அளந்து பாருங்கள். குறைந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது அது வேறு மாடல்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சட்டகத்தின் (குழல் பொருந்தும், சுடும் இயக்கம் உள்ள உலோக உடல்) வயதையே முழுத் துப்பாக்கியின் வயது என்று எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய கேடட் படைக்காகச் செய்த .310 மார்ட்டினிகள் பின்னாளில் .22 ஆக மாற்றப்பட்டன. பக்கத்தில் கங்காரு குறி இருந்தால் அந்தச் சட்டகத்தின் முதல் பிறப்பு அதுதான். ‘பார்க்கரைபிள்டு’ என்று அடித்திருந்தால் பழைய குழலைத் துளைத்து உள்ளே புதுக் குழாய் செருகியது. குழல் வாயை லென்ஸில் பார்த்தால் மெல்லிய வளையக் கோடு தெரியும். மறை சுற்றையும், அதாவது குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம் ஒரு சுற்று சுற்ற எடுக்கும் நீளத்தையும், அளக்கலாம். இறுக்கமான துணி சுற்றிய, கைப்பிடி தாராளமாகச் சுழலும் குச்சியில் ஒரு குறி போட்டு, அது ஒரு முழுச் சுற்று சுற்றும் வரை தள்ளுங்கள். தள்ளிய தூரம் .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கான குழலில் வழக்கமாக 16 அங்குலம், ஏறக்குறைய 406 மில்லிமீட்டர்.

ஜெர்மன் ரைபிளில் ஊர்ப் பெயரே காலம் சொல்லும். ட்செல்லாவும் மேலிஸும் 1919இல்தான் ஒரே ஊராயின. எனவே ‘ட்செல்லா-மேலிஸ்’ என்ற முகவரி அதற்கு முன்பு இருக்க முடியாது. ரைபிள் செய்யும் ஆன்ஷூட்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உல்ம் நகரில் 1950இல் மறுபடி தொடங்கியது. உல்ம் சோதனைச் சாலையின் குறி மான்கொம்பு. அதனருகே இரண்டு எழுத்து இருந்தால் அது ஆண்டு: ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படி கே வரை 9, ஜே கிடையாது. எச்-ஈ என்றால் 74.

லீ என்பீல்டு வடிவில் .22 இருந்தால் போல்ட் கைப்பிடிக்குக் கீழே வலப்புறம் பாருங்கள். அரச முத்திரை, தொழிற்சாலை, ஆண்டு மூன்றும் அங்கே இருக்கும். அது .22 தானா என்பதைக் குழலிலும் உறுதி செய்யுங்கள். .303 தடை செய்யப்பட்ட குழல் துளை அளவு (prohibited bore) என்பதால் ஒரு எண் பிழைகூட வில்லங்கம்.

கடைசியாகக் காகிதம். லைசென்ஸில் காப்புரிமை எண்ணையோ சைட்டில் உள்ள எண்ணையோ ஆயுத எண்ணாக எழுதி வைத்த கேஸ்கள் இருக்கின்றன. சட்டகத்தில் உள்ள எண்ணையும் குழலில் உள்ள எண்ணையும் தனித்தனியாகக் குறித்து லைசென்ஸோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் புதுப்பிக்கும் நாளுக்குக் காத்திராமல், படத்தோடு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழைய பதிவைத் தேடும்போது ஊர் இன்று எந்த மாவட்டம் என்று பார்க்காதீர்கள். தூத்துக்குடி 1986 வரை, தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். எட்டயபுரத்து 1970 லைசென்ஸுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். ஆங்கிலப் பதிவேட்டில் ‘டின்னவெல்லி’ என்ற எழுத்துக்கூட்டலிலும் தேடச் சொல்லுங்கள்.