எபுலியன்ஸ்: குமிழியிலிருந்து வந்த உற்சாகம்

தை முதல் நாள் காலை. சோழவந்தான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து, உள்ளே பாலும் தண்ணீரும். பனை ஓலை சடசடவென்று எரிகிறது. பானையோ வெகுநேரம் அசைவே காட்டாமல் நிற்கிறது. பிறகு ஓரத்தில் பொடிக் குமிழிகள் கோக்கும். நடுவில் ஆடை மெல்ல எழும்பிச் சுருங்கும். நாம் மூச்சு விடுவதற்குள் வெண்ணுரை விளிம்பைத் தாண்டி, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு அடுப்பில் வழியும். அப்பத்தா குலவையிட, நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவோம்.

இதே காட்சியைத் தனக்குள் வைத்திருக்கும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு: எபுலியன்ஸ். அடக்கி வைக்க முடியாமல் வெளியே வந்துவிடும் உற்சாகம் என்பது அதன் இன்றைய பொருள். அதன் மூலம் லத்தீன். 'புல்லா' என்றால் குமிழி. 'புல்லிரே' என்றால் குமிழியிட்டுக் கொதிப்பது. முன்னால் நிற்கும் 'எ' என்பதற்கு 'வெளியே' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'எபுலியண்ட்' ஆங்கிலத்துக்கு வந்தபோது கொதிக்கும் நீர்மத்தைத்தான் குறித்தது. அடுத்த நூற்றாண்டில்தான் மனிதர்களின் மனநிலைக்கு ஏறியது.

குமிழிக்கு உறவினர் அதிகம். கொதித்தலைக் குறிக்கும் 'பாயில்' அதன் பிள்ளை. உருண்டையாக இருப்பதால் ஆவணங்களில் பதிக்கும் முத்திரைக்கும் புல்லா என்று பெயர் வந்தது. அந்த வழியில் வந்ததுதான் 'புல்லட்டின்'. பிரெஞ்சு மொழியில் சிறு உருண்டையாகி, துப்பாக்கிக் குண்டாக வந்தது 'புல்லட்'. மதுரைத் தெருக்களில் தடதடத்துப் போகும் வண்டியின் பெயருக்குள்ளும் ஒரு நீர்க்குமிழி இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

தண்ணீரும்தான் கொதிக்கிறது; அது ஏன் பாலைப் போலப் பொங்குவதில்லை? தண்ணீரில் எழும் நீராவிக் குமிழி மேற்பரப்பைத் தொட்டதும் உடைந்துவிடும். அதன் தோலைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் மீதியில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. புரத மூலக்கூற்றின் சில பகுதிகள் நீரை நாடும், சில பகுதிகள் நீரை விட்டு விலகும். அதனால் அது குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொண்டு அதை உறுதியாக்குகிறது. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சில புரதங்கள் தம் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. மேலே ஆடை படிகிறது. கீழிருந்து வரும் நீராவிக்கு எளிதில் வழி கிடைக்காமல், குமிழி மேல் குமிழி அடுக்கி நுரை ஏறுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும் என்பதால், பாலில் மிகச் சிறு பங்கு ஆவியானாலே பானை நிரம்பிவிடும். குமிழி உடையும் வேகத்தைக் குமிழி பிறக்கும் வேகம் மிஞ்சும் நொடிதான் பொங்கும் நொடி. குறுகிய கழுத்துள்ள பானையில் நுரை பக்கவாட்டில் பரவ இடமில்லை, அதனால் இன்னும் விரைந்து ஏறும். ஒரு கை குளிர்ந்த நீர் தெளித்தால் ஆவி குளிர்ந்து நீராகிவிட, நுரை சட்டென்று அமுங்கும்.

எபுலியன்ஸின் பக்கத்து வீட்டுச் சொல் எக்ஸூபரன்ஸ். அதுவும் பாலில் வந்து நிற்பதுதான் அழகு. லத்தீனில் 'ஊபெர்' என்றால் பால்மடி. வளமான நிலத்தையும் அப்படிச் சொன்னார்கள். மடி நிறைந்து சுரப்பது போன்ற மிகுதி, பின்னாளில் மனிதரின் பூரிப்பாயிற்று. 1996 டிசம்பர் 5 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பேன், பங்குச் சந்தையின் காரணமற்ற பூரிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை எடுத்தாண்டார். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுபவர்களுக்கு அதன் மூலம் சொல்லாமலே விளங்கும்.

உணர்ச்சியைப் பாத்திரத்தில் உள்ள நீர்மமாகப் பேசுவது பல மொழிகளில் உண்டு. மொழியறிஞர் ஜார்ஜ் லேகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் போன்றவர்கள் 1980 முதல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். உடலில் எழும் வெம்மைதான் இத்தகைய பேச்சுக்கு அடிப்படை என்பது அவர்கள் வழி வந்தவர்களின் விளக்கம். 2014இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில் சுமார் 700 பேரிடம், எந்த உணர்ச்சியில் உடலின் எந்தப் பகுதி விழிப்படைகிறது என்று படத்தில் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். கோபம் பெரும்பாலும் தலை, மார்பு, கைகளில் நின்றது. மகிழ்ச்சி கால் வரை உடல் முழுவதும் பரவியிருந்தது.

நம் பேச்சைக் கவனியுங்கள். 'அவன் கொதித்தான்' என்றால் கோபம் மட்டுமே. 'மனம் பொங்கியது' என்றால் கோபமாகவும் இருக்கலாம், ஆனந்தமாகவும் இருக்கலாம். வெப்பம் இரண்டிலும் உண்டு, ஆனால் மகிழ்ச்சிக்கு விளிம்பைத் தாண்டும் அசைவு தேவைப்படுகிறது. எபுலியன்ஸில் அந்த வேலையைச் செய்வது முன்னால் நிற்கும் சின்னஞ்சிறு 'எ'. ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோருக்கு அந்தக் குமிழி இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. நமக்கு அடுப்பும் மனமும் இன்னும் ஒரே சொல்லில் இருக்கின்றன. புதுவீடு புகும் விழாவுக்கே 'பால் காய்ச்சுகிறோம், வாருங்கள்' என்றுதான் அழைக்கிறோம்.

தை முதல் நாள் எங்கள் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை. "பால் பொங்கியதா?" என்றுதான் கேட்பார்கள். "பொங்கியது" என்று சொல்லிவிட்டு அப்பத்தா உள்ளே போய் அரிசி களைவார்.