குறைமாதக் குழந்தையின் எடையை நெஞ்சுச் சூடு எப்படி ஏற்றுகிறது?

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தை, குடிக்கிற பாலில் கணிசமான பங்கைத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே செலவழித்துவிடும். கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் துணியில்லாமல் அம்மாவின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைப்பது, எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமானால் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். பாசம், பிணைப்பு எல்லாம் உண்மைதான், அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கலோரிக் கணக்கு.

37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்தால் குறைமாதம். 28 வாரத்தில் பிறக்கிற குழந்தை சுமார் ஒரு கிலோ இருக்கும். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும், சூடு வெளியேறுவதும் அந்த அளவுக்குக் கூடும். அந்தத் தோலும் அரைகுறைதான். நீரை உள்ளே தேக்கிவைக்கிற வெளிப்படலம் இன்னும் சரியாக உருவாகியிருக்காது, கீழே ஓடுகிற ரத்த நாளங்கள் கண்ணுக்குத் தெரியும். உடம்பு நீர் அதன் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு மில்லி நீர் ஆவியாகும்போது சுமார் 0.58 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாளுக்கு 30 மில்லி போகிறது என்று வைத்துக்கொண்டால் 17 கிலோகலோரி காலி. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுக்க முயல்வதே கிலோவுக்கு 110 முதல் 135 கிலோகலோரிதான்.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கி சூடேற்றும். பச்சிளங்குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது, எரிந்து வெப்பம் தருவதற்கென்றே உள்ளது. ஆனால் அது சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில், சீக்கிரம் வந்துவிட்ட குழந்தைக்கோ அந்த மூன்று மாதம்தான் கிடைக்கவில்லை. உடம்பு குளிர்ந்ததும் ஆக்சிஜன் தேவை கூடும், ரத்தச் சர்க்கரை இறங்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், மூச்சுத் திணறல் இன்னும் மோசமாகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். வாடகையும் வட்டியும் போக மிச்சம் இருந்தால்தானே சம்பளத்தில் சேமிப்பு? குழந்தை எடை போடுவது என்பது அந்த மிச்சம்.

சரி, சூடுதான் பிரச்சினை என்றால் இன்குபேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இன்குபேட்டர் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, ஈரப்பதத்தையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது. கங்காரு பராமரிப்பு பிறந்ததே இன்குபேட்டர் போதாத ஓர் இடத்தில்தான். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைத் தாய்மார்கள் பிரசவத்துக்கு வருகிற அரசு தாய்சேய் மருத்துவமனையில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. ஒன்றின் தொற்று மற்றதற்குப் பரவும். பிரிந்தே கிடந்ததால் குழந்தையை விட்டுவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு. 1978இல் எட்கார் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், கங்காரு தன் முதிராத குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதைப் படித்துவிட்டு, தாயின் நெஞ்சையே பயன்படுத்தலாம் என்று முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு எக்டோர் மார்த்தினெஸ் சேர்ந்துகொண்டார். நிலை சீரான குழந்தையை நெஞ்சில் கட்டி, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆரம்பத்தில் வெளியான புள்ளிவிவரங்கள் கொஞ்சம் மிகையானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இருந்து நேரில் போய்ப் பார்த்த மருத்துவர்கள் 1985இல் லான்செட் மருத்துவ இதழில் அதைச் சுட்டிக்காட்டினார்கள்: முதல் சில நாட்களிலேயே இறந்துவிடும் குழந்தைகள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை, தாக்குப்பிடித்தவர்கள்தான் நெஞ்சுக்கு வருகிறார்கள், அப்படியானால் பிழைப்பு விகிதம் நன்றாகத்தானே இருக்கும்? சரியான விமர்சனம். அதற்குப் பிறகுதான் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது மாதிரி குழந்தைகளைப் பாரபட்சமில்லாமல் இரண்டு பிரிவாக்கி ஒப்பிடும் முறையான ஆய்வுகள் வந்தன, பொகோட்டாவிலேயே நதாலி ஷர்பாக் குழு 1993 முதல் 1996 வரை நடத்தியது அவற்றில் முக்கியமானது.

அந்த ஆய்வுகளில் தெரியவந்தது, நெஞ்சு செய்கிற வேலை சூடு கொடுப்பதோடு முடியவில்லை என்பது. சூட்டில்கூட ஒரு விசேஷம் உண்டு: குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் சூடேறும், குழந்தை சூடானால் அது தணியும். இரட்டைக் குழந்தைகளை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வில், ஒவ்வொரு மார்பும் தன் மேல் இருக்கிற குழந்தைக்கு ஏற்றபடி தனித்தனியாகச் சூட்டை மாற்றிக்கொண்டது பதிவாகியிருக்கிறது.

அடுத்தது மூச்சு. குறைமாதக் குழந்தையின் மூளைத்தண்டு முதிராததால் மூச்சு விடவே மறந்துபோகும், இருபது வினாடிக்கு மேல் நின்றால் மருத்துவர்கள் அதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வார்கள். (அதற்கு மருந்து காஃபீன், நம் காபியில் இருக்கிற அதே காஃபீன்தான்.) நெஞ்சில் நிமிர்ந்த நிலையில் படுத்திருக்கும்போது தாயின் மூச்சோடு குழந்தையும் ஏறி இறங்கும். இப்படிப் பராமரிக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சு வேகம் தணிவதும், ரத்த ஆக்சிஜன் அளவு கொஞ்சம் உயர்வதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது.

அப்புறம் தூக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கு, அலாரம் சத்தம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் யாராவது வந்து தொடுவது, குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என்று குழந்தைக்கு ஆழ்ந்த தூக்கம் அபூர்வம். அழுகையும் பதற்றமும் கலோரியைத் தின்னும், மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் உடம்பைக் கட்டவிடாமல் கரைக்கும். நெஞ்சில் இருக்கும்போது குழந்தை குறைவாக அழுகிறது, அமைதியான தூக்கம் கூடுகிறது, ஊசி குத்தினால்கூட வலியின் அறிகுறிகள் குறைவாக இருக்கின்றன.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது பால். குழந்தையின் தோல் பட்டதும் தாயின் மூளை ஆக்ஸிடோசினைச் சுரக்கும், அது பாலை இறக்கும். 34 வாரத்துக்கு முன் உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒருசேரச் செய்யக் குழந்தைக்கு வராது, அதனால் பீய்ச்சிய பாலைக் குழாய் வழியாக வயிற்றுக்கு விடுவார்கள், கொஞ்சம் தேறியதும் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், புகட்டுவார்கள். (நம் பாட்டிகள் வைத்திருந்த அதே பாலாடைதான், இன்று மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளிலும் அதே பெயரோடு உலா வருகிறது.) பக்கத்திலேயே இருக்கும் தாய்க்குத்தான் பீய்ச்சப் பால் இருக்கும், வராந்தாவில் உட்கார்ந்து பார்வை நேரத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு சில நாளில் அது வற்றத் தொடங்கிவிடும். கூடவே கிருமிகள். குழந்தையின் தோலிலும் குடலிலும் எப்படியும் ஏதாவது பாக்டீரியா குடியேறத்தான் போகிறது. அது வார்டில் சுற்றும், மருந்துக்கு அடங்காத ரகமாக இருப்பதைவிட அம்மாவின் தோலில் இருப்பதாக இருந்தால் நல்லது, அவற்றுக்கான எதிர்ப்புப் பொருள்கள் அவள் பாலிலேயே வந்துவிடுகின்றன. ஒரு தடவை ரத்தத்தில் தொற்று ஏற்பட்டால் போதும், வாரக் கணக்கில் ஏற்றிய எடை போய்விடும்.

இதெல்லாம் கூடி எவ்வளவு வருகிறது? காக்ரேன் அமைப்பு தொகுத்த ஆய்வுகளின் சராசரி, நாளுக்குச் சுமார் 4 கிராம் கூடுதல். கேட்க அற்பமாக இருக்கும். ஒன்றரைக் கிலோ குழந்தை நாளுக்கு 22 கிராம் போல ஏறினாலே நல்ல வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் 4 கிராம் சின்ன விஷயம் இல்லை. தலைச்சுற்றளவும் நீளமும் கூடுதலாகவே வளர்ந்தன.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு வழக்கம் மாறாமல் இருந்தது: முதலில் குழந்தை நிலைப்படட்டும், அப்புறம் நெஞ்சுக்குக் கொடுக்கலாம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அதைத்தான் சோதித்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே நெஞ்சுச் சூடு, நாளுக்குச் சுமார் 17 மணி நேரம். மற்றதற்கு வழக்கப்படி, நிலைப்பட்ட பிறகு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம், உடனே தொடங்கிய பிரிவில் 12 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவானதால், இனிமேலும் ஒரு பிரிவுக்கு இதை மறுப்பது சரியில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளுக்குத் தேவையான ஆக்சிஜனோ, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் சிபேப் கருவியோ நிற்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டு, எல்லாச் சிகிச்சையும் நெஞ்சில் இருக்கும்போதே நடந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றி, பிறந்த உடனே தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றது. தானாக மூச்சு விட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படும், அல்லது ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் பொறுத்திருக்கச் சொல்கிறது.

2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்திருக்கிறார்கள். மருந்து வேண்டாம், இறக்குமதி இயந்திரம் வேண்டாம், இருந்தும் இது ஏன் பல இடங்களில் பேருக்கு ஒரு மணி நேரத்தோடு முடிகிறது? என் பார்வையில் பதில் கட்டிலும் இடமும்தான். சிசேரியன் தையலோடு இருக்கும் பெண்ணை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து எட்டு மணி நேரம் குழந்தையைப் பிடித்துக்கொள் என்றால் நடக்காது. அப்பாவோ பாட்டியோ மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், சூடு கொடுக்க யாருடைய நெஞ்சும் போதும், ஆனால் அவர்களை உள்ளே விட வேண்டுமே.

கட்டுவது எப்படி என்பதும் முக்கியம். தொப்பி, காலுறை, டயப்பர் தவிர வேறு துணி இல்லை. இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடையைச் சற்றே தூக்கினாற்போல் வைக்க வேண்டும். தலை முன்னால் மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும், இது விளையாட்டில்லை. கால்கள் தவளைபோல் அகண்டு மடங்கியிருக்கும். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரும்படி இறுக்கி, வயிற்றுப் பக்கம் மட்டும் மூச்சு விட இடம் விட்டுக் கட்டுவார்கள். ஒரு முறை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். தூக்கிவைப்பதும் இறக்குவதும் குழந்தைக்கு அலுப்பு, ஒரு தூக்கச் சுற்றாவது முடிய வேண்டும்.

இருபது வருடம் கழித்து என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். பொகோட்டாவின் அந்த 1993-96 குழந்தைகளில், 1.8 கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களைத் தேடிப்பிடித்து 2017இல் வெளியிட்டார்கள். எல்லோரும் கிடைக்கவில்லை, 264 பேர்தான். ஐ.க்யூவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் கங்காரு பிரிவில் வளர்ந்தவர்கள் பள்ளிக்குக் குறைவாக மட்டம் போட்டிருந்தார்கள், துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு, மூளை ஸ்கேனில் சாம்பல் நிறப் பகுதியின் கன அளவு கூடுதல்.

வீட்டுக்கு வந்த பிறகும் இதைத் தொடரலாம், தொடர வேண்டும். ஹரியானாவில் 8,402 குழந்தைகளை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததற்கே முதல் மாத இறப்பு 30 சதவீதம் குறைந்தது. எப்போது நிறுத்துவது என்று தேதி குறித்து வைக்க வேண்டியதில்லை. எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் நெளிந்து, வியர்த்து, கையையும் காலையும் துணிக்கு வெளியே இழுத்து, கட்டும்போதெல்லாம் அழுது ரகளை செய்யும். அப்போது விட்டுவிடலாம், குளிப்பாட்டிய பிறகும் குளிரான இரவுகளிலும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.