பழைய ஜீப்பைக் குடும்ப வண்டியாக்கும் முன் ஆர்.சி புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள்

தாத்தா காலத்து மஹிந்திரா ஜீப் ஒன்று தோட்டத்தில் நிற்கிறது. தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, தரைத்தகடு துருப்பிடித்துவிட்டது. ஆனாலும் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. அதைச் சீர்செய்து பிள்ளைகளோடு ஏற்காடு, ஏலகிரி போய்வர வேண்டும் என்று ஆசை. பலரும் வண்டியை நேரே பட்டறைக்குத்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி புத்தகத்தை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுத்துவிடலாம். டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு இருக்கும் வயதுக் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் கிடையாது. பரிசோதனையில் தேறினால் 30 வயது ஜீப்பும் சட்டப்படி ஓடலாம். செலவுதான் கூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி 20 வயது தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதியான நான்கு சக்கர வண்டி என்றால் 80,000. இவற்றின் மேல் ஜி.எஸ்.டி உண்டு, மாநிலத்தின் பசுமை வரி தனி. தாமதித்தால் மாதக் கணக்கில் கூடுதல் கட்டணமும் ஏறும். பத்து வருஷம் கொட்டகையில் தூங்கிய வண்டியை எழுப்புகிறவர்கள் பட்டறைக்காரரிடம் மதிப்பீடு கேட்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, எதை மாற்றலாம் என்ற கேள்வி. வம்பெல்லாம் இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் அதன் அடிப்படைத் தன்மையை மாற்றிவிட்டால் அதுதான் சட்டம் சொல்லும் 'மாற்றம்'. கேரளத்தில் மாநில விதியைக் காட்டி இதற்கு விலக்குக் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு, மாநில விதியால் மத்தியச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்று முடித்துவிட்டது.

பழுது பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. துருப்பிடித்த தகட்டை வெட்டி அதே வடிவில் புதுத் தகடு வைப்பது, பிரேக் பைப், வயரிங், பேரிங், இருக்கை உறை எல்லாம் பழுதுதான். இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை நீட்டுவது, தார்ப்பாய் வண்டியைத் தகரக்கூரை வண்டியாக்குவது, ஆறு பேர் உட்காரும் வண்டியில் எட்டு இருக்கை போடுவது, தயாரிப்பாளர் சொன்ன அளவை மீறிய டயர் மாட்டுவது எல்லாமே சிக்கல். முன்னால் மாட்டும் கனத்த இரும்புத் தடுப்பு இந்தப் பிரிவை மீறுவதாக மத்திய அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வண்ணம் அடிக்கலாம், ஆனால் ஆர்.சியில் பச்சை என்றிருக்கும் வண்டி சாலையில் சிவப்பாக ஓடக் கூடாது. புது நிறத்தைப் பதிய வேண்டும்.

இன்ஜின் மாற்றம் ஜீப்காரர்களுக்குப் பழைய ஆசை. அதே தயாரிப்பு, அதே வகை, அதே எரிபொருள் என்றால் அனுமதி கேட்க நியாயம் இருக்கிறது. கிடைத்த பின் புது இன்ஜின் எண் ஆர்.சியில் ஏற வேண்டும், அதற்கு வாங்கிய ரசீது வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது இல்லை என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

அனுமதியை வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். வேலை முடிந்த 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சியையும் கட்டணத்தையும் கொடுத்துத் திருத்தம் போட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஊரில் நாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்பவர், வண்டியைப் பார்ப்பார். சேஸ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் டிங்கரிங்காரர் அந்த இடத்தில் பட்டி பூசி மூடிவிடாமல் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு அதே சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. தகரக்கூரைக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் என்றால் விபத்துக்குப் பின் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையும் தகராறில் முடியலாம்.

மிகப் பழைய வண்டிகளுக்கான 'விண்டேஜ்' பதிவு வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு. குடும்பத்துக்கு ஓட்ட நினைப்பவருக்கு அது தவறான கதவு. 2021 ஜூலையில் வந்த அந்த விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கானவை. எனவே 80-களின் எம்.எம் 540 மாதிரி மஹிந்திரா ஜீப் இன்னும் அந்த வரிசையிலேயே சேராது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ' எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் அது சாலையில் இறங்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவர முடியாது. சேஸ், உடல், இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது வேறு.

ராணுவ ஏலத்தில் வந்த ஜீப் என்றால் இன்னொரு கவனம். படிவம் 21-இல் உரிய அதிகாரிகள் தந்த அசல் விற்பனைச் சான்று இல்லாமல் சிவில் பதிவு நடக்காது. 'காகிதம் அப்புறம் வரும்' என்று விற்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கேரளத்திலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வாங்கினால் அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி, அதாவது தடையில்லாச் சான்று வர வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் எடுத்தாக வேண்டும்.

பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்பதால் ஒன்று. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். பழைய ஜீப்பின் பின்னால் பக்கவாட்டில் பார்க்கும் பெஞ்சில் பெல்ட் மாட்ட வலுவான இடமே இருக்காது. முன்னோக்கிய இருக்கையும் பெல்ட்டும் போட நினைத்தால், இருக்கை எண்ணிக்கை ஆர்.சியில் உள்ளபடியே இருக்கட்டும். திட்டத்தை ஒரு தாளில் வரைந்து விண்ணப்பத்தோடு கொடுங்கள், பதில் எழுத்தில் வந்த பிறகு வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கள்.