‘வானொலி அதிர்வெண் அடையாளம்’ என்னும் பிழை

நூலகம் ஒன்றில், நூல்களை நாமே இரவல் பதிந்துகொள்ளும் எந்திரத்தின் மேல் ‘வானொலி அதிர்வெண் அடையாளம் காணும் குறிச்சொல்லைச் சேதப்படுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆர்எஃப்ஐடி (‘ரேடியோ ஃப்ரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன்’) என்பது, ஒரு பொருளில் ஒட்டிய சில்லின் எண்ணைத் தொடாமலே ரேடியோ அலை வழியாகப் படித்து அப்பொருளை அடையாளம் காணும் தொழில்நுட்பம். அதற்கு இந்தத் தொடரையோ இதன் சாயலையோ திரும்பத் திரும்பக் காண நேர்கிறது. இது கலைச்சொல்லாக நிலைபெறும் முன் மறுத்துவிடுவது நல்லது.

‘ரேடியோ’வின் வேர் ‘ரேடியஸ்’ என்னும் இலத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் என்பன அதன் பொருள்கள். வேரில் ஒலியே இல்லை. ஒலிபரப்பு வந்த பின் அதற்கென அமைந்த ‘வானொலி’ அந்தப் பணிக்கு அழகாகப் பொருந்திய சொல்; அந்தப் பொருத்தமே அதைப் பிற பணிகளுக்கு உதவாததாக்குகிறது.

அலுவலகக் கதவில் காட்டும் அட்டைக்குள் மெல்லிய செப்புச்சுருளும் எள்ளளவு சில்லும் உண்டு, மின்கலம் கிடையாது. கதவருகே உள்ள கருவி உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் தெரிவிக்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக், சுங்கச்சாவடியிலிருந்து வரும் அலையையே தன் எண்ணுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் எதிரொளிக்கிறது. எதிரொளித்த ஆற்றலைக்கொண்டு செய்தி அனுப்பலாம் என்று பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் 1948ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். இவற்றில் எங்கும் ஒலி இல்லை. ‘பீப்’ என்ற ஓசை, எண்ணைப் படித்துவிட்டதை நமக்குச் சொல்வதற்காகக் கருவி எழுப்புவது.

‘வானொலி அதிர்வெண்’ என்றால் தமிழ்க் காதுக்கு என்ன பொருள் படும்? சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ், அல்லது பண்பலையின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் ஃபாஸ்டேக் இயங்குவதோ 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. நூலக நூல்களிலும் பல அலுவலக அட்டைகளிலும் 13.56 மெகாஹெர்ட்ஸ். எந்த நிலையத்தின் நிகழ்ச்சியும் அங்கே ஒலிபரப்பாவதில்லை. மேலும், ‘வானொலி அதிர்வெண் அடையாளம்’ என்று மூன்று பெயர்களை வேற்றுமை உருபோ வேறு இணைப்போ இன்றி அடுக்கினால், அதிர்வெண்ணை அடையாளம் காண்பது என்றே படிப்பவர் கொள்வார். அடையாளம் காணப்படுவது நூலும் காரும் ஊழியரும்; அலை அதற்கு வழி மட்டுமே. அந்த ‘வழி’ என்ற சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டார்.

‘டேக்’ என்பதற்கு இட்ட ‘குறிச்சொல்’ இதைவிடக் கொடுமை. இணையக் கட்டுரையின் அடியில் இடும் சொல்லுக்கு அது பொருந்தும். நூலின் அட்டையில் ஒட்டிய பிசினுள்ள துண்டு எப்படிச் சொல்லாகும்? பொருளைக் கையில் எடுத்துப் பாராமல் அகராதியின் முதல் வரியை எடுத்துவைப்பவர்களுக்கே இது கைகூடும். எந்திர மொழிபெயர்ப்பில் சிலவேளை ‘கதிரியக்க அடையாளம்’ என்றும் வந்து விழுகிறது. யுரேனியத்துக்கு உரிய அடைமொழியை நோயாளியின் கைப்பட்டையில் அச்சிட்டால் அவர் அதைக் கழற்றி எறியத்தான் செய்வார்.

தொழில்நுட்பத்துக்கு ‘வானலைவழி அடையாளம்’ என்பதும், ஒட்டும் துண்டுக்கு ‘அடையாள வில்லை’ என்பதும் என் தேர்வு. இன்னார் என்று காட்ட உடையில் வில்லை அணிந்த பணியாளை ‘வில்லைச் சேவகன்’ என்று அழைத்த மொழி இது. புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டையில் நிகழ்வது காந்தத் தூண்டலே தவிர அலை பரவுவதன்று என்று இயற்பியல் ஆசிரியர் குறுக்கிடலாம். அவர் சொல்வது சரியே. ஆயினும் மூலப் பெயரும் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பேச்சில் ஆர்எஃப்ஐடி என்றே சொல்வோரோடும் எனக்குச் சண்டையில்லை. தவறான தமிழைவிடத் தெரிந்த கடன்சொல் தெளிவானது.

இதே கவனக்குறைவு வினைச்சொல்லிலும் உண்டு. கதவருகே ‘அட்டையைத் தேய்க்கவும்’ என்று எழுதுகிறார்கள். தேய்ப்பது காந்தப் பட்டை அட்டைக்கு உரிய செயல். இந்த அட்டையைக் கருவியின் அருகே காட்டினால் போதும். ‘அட்டையைக் காட்டவும்’ என்றே எழுதலாம்.