விரல் நுனியில் தென்பெண்ணை

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, தர்மபுரி மாவட்டம், சாத்தனூர் எனக் கடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. வரைபடத்தில் இந்தப் போக்கைக் கண் நொடியில் பிடித்துவிடும். பார்வையற்ற மாணவிக்கு அதே படத்தைக் கோடுகளை மேடாக்கிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதவே போதாது.

கண் முதலில் முழுமையைப் பார்த்துவிட்டுப் பிறகு நுணுக்கத்துக்குப் போகும். விரலுக்கு வழி நேர் எதிர். ஒரு நேரத்தில் விரல் நுனியளவு பரப்பே அதற்குக் கிடைக்கிறது. தேரைச் சாவித் துவாரம் வழியே பார்ப்பது போல. துண்டு துண்டாகத் தொட்டதை மனம்தான் கோத்து முழுமையாக்க வேண்டும். மாவட்ட எல்லை, ரயில் பாதை, ஊர்ப்பெயர் எல்லாம் மேடாக நெருங்கிக் கிடந்தால் எது ஆறு என்றே புரியாது.

ஆகவே முதல் வேலை, படத்தில் இருப்பதைக் குறைப்பது. கெட்டி அட்டையில் மாநில எல்லைக்கு மெல்லிய நூல், ஆற்றுக்குத் தடித்த சணல், அணைகளுக்குச் சட்டைப் பொத்தான். இவ்வளவு போதும். இடக்கை கிருஷ்ணகிரி அணையின் பொத்தான் மேலேயே நிற்க, வலக்கை சணலைப் பிடித்துக் கீழ்நோக்கிப் போக வேண்டும். நிலையாக நிற்கும் அந்தக் கைதான் தூரத்தையும் திசையையும் அளந்து தருகிறது. மலைகளை அடுத்த அட்டையில் வைத்துக்கொள்ளலாம். ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு அதே அட்டையில் தடித்த கருப்புக் கோடும் உதவும்.

பெயரை எழுத, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பாரதி பிரெய்ல் இருக்கிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-ல் வகுக்கப்பட்ட முறை. ஒவ்வொரு கட்டத்திலும் 6 புள்ளிகளுக்கு இடம். அச்சில் ‘பெண்ணை’ என்று எழுதும்போது கொம்பு ப-வுக்கு முன்னால் வந்துவிடுகிறது. பிரெய்லில் ஒலிக்கும் வரிசைதான்: ப, எ. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கான குறி மட்டும் எழுத்துக்கு முன்பே வரும்: புள்ளி, ண; பிறகு ண, ஐ. மொத்தம் 6 கட்டங்கள். பிறவியிலோ இளம் வயதிலோ பார்வை இழந்தவர்கள் பிரெய்லை விரலால் படிக்கும்போது மூளையில் பார்வைக்குரிய பகுதியும் இயங்குகிறது என்று 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணிலிருந்து செய்தி வராத இடத்தை மூளை சும்மா விட்டுவைப்பதில்லை.

கணக்கில்தான் நம் வகுப்பறைகள் இந்தப் பிள்ளைகளை அதிகம் கைவிடுகின்றன. இப்படி நேர்வதில் பலவற்றைத் தடுக்க முடியும் என்பதுதான் வேதனை. ‘6 கூட்டல் 4 வகுத்தல் 2’ என்று ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துச் சொல்கிறார். பலகையில் 6 கூட்டல் 4 மேலே, 2 கீழே, விடை 5. காதால் மட்டும் கேட்ட மாணவி விதிப்படி முதலில் வகுத்து 8 என்கிறாள். அவள் தவறு செய்யவில்லை. பின்னக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பார்வையற்ற கணித அறிஞர் ஆபிரகாம் நெமத் 1950-களில் உருவாக்கிய கணித பிரெய்லில், பின்னம் தொடங்குவதற்கு ஒரு குறி, முடிவதற்கு இன்னொரு குறி உண்டு. எந்தக் கருவியும் இல்லாமல் ஆசிரியர் வாயாலேயே இதைச் செய்யலாம்: “பின்னம் தொடக்கம், 6 கூட்டல் 4, கீழே 2, பின்னம் முடிவு.”