எடை குறைக்கும் ஊசி: டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டு வராத நாளே இப்போது இல்லை. மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ என்று எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள், சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் இந்த மருந்துகளுக்கு எதிரி இல்லை. தேவைப்படுகிறவர்களுக்குத் தயங்காமல் எழுதுகிறேன், மூட்டு வலியும் ரத்தக்கொதிப்பும் தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் குறைந்து நிம்மதியாக நடமாடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆனால் முதல் ஊசிக்கு முன்னால் உட்கார்ந்து நிறையப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் நீங்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம்தான் பிற்பாடு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்று மூளைக்குச் சொல்லும். இயற்கையான ஹார்மோன் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் பார்த்து உருவாக்கிய ஊசி மருந்தான செமாக்ளூடைட், ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு ஊசி போதும் என்பது இதனால்தான். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறுநாளே உடம்பை விட்டுப் போகாது என்பதும் இதனால்தான். இன்னொரு ஊசி மருந்தான டிர்செபடைட் இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது.

பலன் உண்மைதான். 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் வாரம் 2.4 மி.கி. செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை இழந்தார்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம். டிர்செபடைட்டின் உச்ச அளவில் 72 வாரத்தில் 21 சதவீதம் வரை போனது. இரண்டிலுமே சாப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை கூடவே இருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பொதுவாக பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 30-க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு மாதிரி ஏதாவது சேர்ந்திருப்பவர்களுக்கும்தான் இந்த மருந்து. ஒரு விழாவுக்குள் நாலு கிலோ குறைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எழுதுவதே இல்லை.

சரி, என்னென்ன சொல்ல வேண்டும்? முதலில் குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் யாருக்காவது வந்ததா என்று. "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்லி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், அது வேறு. மெடுல்லரி என்ற வகைப் புற்றுநோய் உங்களுக்கோ ரத்த சொந்தத்திலோ இருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால், இந்த ஊசி கூடாது. அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ கழுத்தில் ஆபரேஷன் நடந்தது என்று மங்கலாக நினைவிருந்தாலும் விசாரித்துவிட்டு வாருங்கள். கணைய அழற்சி, பித்தப்பைக் கல் எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் குறைக்காமல் இதைத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சர்க்கரையால் கண் பாதித்தவர்களுக்கு முதலில் விழித்திரைப் பரிசோதனை.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைட்டைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். அதனால் தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் 4 வாரம் வேறு பாதுகாப்பும் தேவை. இன்னொன்று, பலர் மறைப்பது: முன்பு பட்டினி கிடந்தோ, சாப்பிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுத்தோ எடை குறைத்த பழக்கம். வெட்கப்பட வேண்டாம், சொல்லுங்கள். பசியை அடக்கும் மருந்தை அப்படிப்பட்டவர் கையில் யோசிக்காமல் கொடுக்க முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது அவசரம். செமாக்ளூடைட் 0.25 மி.கி.-யில் தொடங்கி, நாலு நாலு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏறி, ஐந்தாவது மாதத்தில்தான் 2.4 வருகிறது. முதல் அளவு வயிறு பழகுவதற்காக. அதில் எடை பெரிதாக இறங்காது. இரண்டாவது வாரமே "ஒண்ணும் ஆகலையே டாக்டர்" என்று தாங்களாகவே அடுத்த அளவுக்குத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஒரு பெண்மணி உறவினரின் ஊசிப் பேனாவிலிருந்து (மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசி) நேராக 1 மி.கி. போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வந்தபோது குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து ஒரே ஒருமுறை, அதுவும் தேநீர் நிறத்தில் சிறுநீர், எழுந்து நின்றால் பிரஷர் சரிந்தது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. ரத்தக்கொதிப்புக்காக நீரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாந்தியோடு அதையும் விடாமல் விழுங்கியதில் சிறுநீரகம் தவித்துப்போனது. குளுக்கோஸ் ஏற்றி இரண்டு மூன்று நாளில் தேறிவிட்டார். அந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் கேட்க யாருமே இருக்கவில்லை.

பேனாவைப் பகிர்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவரின் ரத்தம் உள்ளே போய் அடுத்தவருக்குத் தொற்று வரலாம். குப்பியில் வாங்கி சிரிஞ்சில் இழுப்பவர்கள் மில்லிகிராம், மில்லி, யூனிட் மூன்றையும் குழப்பிக்கொண்டு, சொன்ன அளவைப்போல் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்ட சம்பவங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கையாக வெளியிட்டிருக்கிறது. போலி செமாக்ளூடைட் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதனால் சீட்டு இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. வயதானவர்களிடம் இதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வேன். போன தடவை சுலபமாக எழுந்தவர் இப்போது தடுமாறினால், தராசு எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் எனக்குத் திருப்தி இல்லை. பசியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வேளையும் முதலில் புரதம், வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. இதற்கு மாற்று கிடையாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அதே செமாக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. உடல் பருமன் நீண்ட கால நோய், நிறுத்தியதும் பசி திரும்புவது உங்கள் மன உறுதிக் குறைவால் இல்லை. எவ்வளவு காலம் தொடர முடியும், செலவு தாங்குமா என்று யோசித்தே தொடங்குங்கள்.

அப்புறம், மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவினாலோ, கண் மஞ்சளானாலோ, பார்வை திடீரென மங்கினாலோ அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் பிடுங்குவது முதல் ஆபரேஷன் வரை மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சிகிச்சையானாலும், கடைசியாக ஊசி போட்ட தேதியை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சொன்னபடி வெறும் வயிற்றோடு வந்திருந்தாலும் இரைப்பையில் உணவு மிச்சம் இருந்து நுரையீரலுக்குள் போகலாம்.